கையத்தூக்கு மாமாவும் பேர் மாறிய காய்ச்சலும்

துப்பாக்கி இல்லாமல் ஒரு குப்பத்தையே கைதூக்க வைத்தவர் பூமியில் ஒருவர்தான். பழவேற்காடு ஏரிக்கரையில் அவருக்குப் பெயர் 'கையத்தூக்கு' மாமா. சுகாதாரத் துறையில் தற்காலிகக் களப்பணியாளர்.

உண்ணிக்காய்ச்சல் வந்தவர்களுக்கு, பூச்சி கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். பெரும்பாலும் அக்குளில், இல்லாவிட்டால் இடுப்பில். அதைத் தேடுவதுதான் மாமாவின் வேலை. வலை பின்னுகிறவர், சீட்டாடுகிறவர், தாலி கட்டப் போகிறவர், யாரானாலும் "கைய தூக்குப்பா" என்பார். ஒருமுறை பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரையே கைதூக்க வைத்தார். விசில் ஊத ஆளில்லாமல் வண்டி ஒரு ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது.

மாமா வேலை பார்த்த காய்ச்சல் விழிப்புணர்வுத் திட்டத்தை மதிப்பிடத்தான் நான் படிவக் கட்டோடு போனேன். காய்ச்சலைப் பற்றி ஊருக்குத் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைந்தால் மாமாவுக்கு அந்த மாதத்தோடு வேலை போய்விடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். அச்சடித்த தாளில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றாது.

"உண்ணிக்காய்ச்சல் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

முதல் வீட்டில் "இல்லியே சார்" என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே. தெரு முழுக்க 'இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

கடைசி வீட்டில் மீன் அரிந்துகொண்டிருந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், உண்ணி மாட்டுக்கு வர்றது. எங்களப் பாத்தா மாடு மாரியா கீது?"

"அப்போ மாமா எதுக்குக் கைய தூக்கச் சொல்றாரு?"

"அது பீடிச்சூட்டு ஜொரம் சார். பீடியால சுட்டா மாரி கறுப்பா புண்ணு கெடக்கும். வேலிகாத்தான் வெறகு ஒடிக்கப் போனா பூச்சி கடிச்சிரும். புண்ணக் கண்டா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். என் தம்பிய அவருதான் இட்டுனு போயி பொழைக்க வெச்சாரு."

அப்போதுதான் வந்து வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தேன்.

"உண்ணின்னா அடிக்க வர்றாங்க நைனா. அதான் பேர மாத்திட்டேன்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். "பீடிச்சூட்டு ஜொரம்" என்று வாயெடுத்ததுமே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னார்கள். மேலதிகாரியிடம் போனில் கேட்டேன். வார்த்தையை மாற்றிக் கேட்டால் செல்லாது, முதல் பதில்தான் கணக்கு என்றார்.

'இல்லை'கள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைக்கு இடம் விட்டிருந்தார்கள். முறையான தமிழில் நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அடித்தேன். முடிவில் ஒரே வரிதான் மிஞ்சியது:

'இவரை இங்கேயே விட்டுவையுங்கள்.'