பொறி வந்துச்சா?

தச்சுப்பட்டறைக்குள் கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர். கட்டைகள் மேல் நிறுத்தியிருந்த புது இரட்டைக் கதவின் அடியைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நாலு ஆள் இல்லாமல் அது நகராது. தண்ணீர் தொட்டால் மரம் ஊதிவிடும், மாதக்கணக்கான உழைப்பு அம்போ. இறைக்க வேண்டிய பழைய பம்பு இன்ஜினோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிருந்தது.

"பொறி வரலை. அதான்," என்றார் தச்சர், இன்ஜினைத் தொடாமலே.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்களேன்," என்றாள் மனைவி.

"பொறியே இல்லாத இன்ஜினுக்குப் பெட்ரோல் எதுக்குடி? பிளக்கைக் கழட்டி மேல வச்சிருக்கேன். நான் கயித்தை இழுக்கிறேன். நுனியில பொறி பறக்குதான்னு மட்டும் சொல்லு, போதும்."

கயிறு இந்தப் பக்கம், பிளக் அந்தப் பக்கம். அவள் குனிந்துகொண்டாள். அவர் சர்ரென்று இழுத்தார்.

"வந்துச்சா?"

"ஒண்ணும் தெரியலைங்க."

"நான் சொல்லல?" அவருக்கு ஏக சந்தோஷம்.

புது பிளக் மாட்டினார். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பொறிக்கு மின்சாரம் விடும் பாயின்டை உப்புத்தாளால் தேய்த்தார். திருகாணி ஒன்று தண்ணீரில் விழ, தேடக் குனிந்ததில் மூக்குக்கண்ணாடியும் கூடவே போனது. மறுபடி இழுத்தார்.

"இப்போ?"

"இல்லைங்க." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வீட்டுத் தோட்டக்காரரின் புல்வெட்டும் மெஷினுக்கும் இதே வகை இன்ஜின்தான். ஆள் வீட்டில் இல்லை. 'தம்பி ஒண்ணும் நினைக்க மாட்டான்' என்று அதைப் பிரித்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி வந்து தன் இன்ஜினில் மாட்டி இழுத்தார்.

"ஊஹூம்," என்றாள்.

"அடப்பாவமே, அவன் மெஷினும் செத்துப்போச்சு! இனி பிழைப்புக்கு என்ன பண்ணுவான்?" நிஜமாகவே அவருக்கு மனசு கேட்கவில்லை.

அதற்குள் தோட்டக்காரர் ஓடிவந்தார். "என்னண்ணே, என் மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"மனசைத் தேத்திக்கோ தம்பி. உன் காயில் போயிடுச்சு."

"காலையிலகூடப் புல்லு வெட்டினேனே!"

"நம்பலையா? அந்தப் பக்கம் போய் நீயே பாரு." தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். "பொறி வந்துச்சா?"

தோட்டக்காரர் பிளக்கைப் பார்த்தார். பக்கத்தில் குனிந்திருந்தவளையும் பார்த்தார்.

"பளிச்சுனு வருதுண்ணே. நீங்க கயித்துல கை வச்சதும் அண்ணிதான் பயந்துபோய் ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிறாங்க."