தேங்காய் எண்ணெயும் என் மகளின் செய்முறைத் தேர்வும்

கூச்சப்படுகிறவனுக்குத் தன் உடம்பு ஒரு வாயாடிச் சொந்தக்காரர் மாதிரி. வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்கலாம்; நாலு பேர் கூடும் இடத்துக்கு அழைத்துப் போனால் மானம் போகும். நான் என்னுடையதைச் சட்டை போடாமல் எங்கும் அழைத்துப் போனதில்லை. (வாசலூர்பட்டி ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால், வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்கிறவன் நான்தான்.)

சொந்த ஊர் முள்ளுக்குறிச்சி. கொல்லிமலை மேல் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை, குடியிருப்பதும் அங்கேயேதான். மகள் மேகலா கீழே கல்லூரியில் உடற்கல்வி படித்தாள். உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிப்பது அவளுக்கு ஒரு செய்முறைத் தேர்வு. மேல்கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பு எலும்புக்கு மேலே என்று நாலு இடத்தில் தோலை மடிப்பாகக் கிள்ளித் தூக்கி, நண்டுக் கொடுக்கு போன்ற ஒரு கருவியால் அளக்க வேண்டும். கூட்டி, வயதுக்கான அட்டவணையில் பார்த்தால் சதவீதம் வந்துவிடும். பிறகு தேர்வாளர் அதே ஆளை அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் பாஸ்.

அளக்க ஆளை மாணவர்களே கூட்டிவர வேண்டும். போன வருடம் வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஏறும் நேரத்தில் காணாமல் போனதில், மேகலாவுக்கு அந்தப் பாடம் நின்றுவிட்டது. சேலத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை தயாராக இருந்தது. இந்தமுறையும் தவறினால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

"நான் வாரேன் கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

"சட்டையக் கழட்டோணுங்கப்பா. பொண்ணுங்கெல்லாம் இருப்பாங்க."

"இருக்கட்டும்" என்று வாயை அசைத்தேன். சத்தம் வரவில்லை.

ஆனாலும் முடிவு முடிவுதான். அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குள் சட்டையில்லாமல் உட்கார்ந்து பழகினேன். மார்கழிக் குளிர். மனைவி போர்த்திய போர்வையை, பழக்கம் கெட்டுவிடும் என்று தள்ளிவிட்டேன். கிடைத்தது சளி.

தேர்வு நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தால், குளிரில் தோல் வறண்டு, நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு. இந்த உடம்பைக் காட்டி மகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரக்கூடாது. உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் தோண்டி, கழுத்திலிருந்து இடுப்புவரை அப்பிக்கொண்டேன். முதுகுக்கு மனைவி உதவினாள். இட்லிச் சட்டிக்குக்கூட அவள் அவ்வளவு எண்ணெய் தடவியதில்லை.

மேலே இருந்தவரை எண்ணெய் அடக்கமாகத்தான் இருந்தது. பஸ் வளைவு வளைவாக இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் வெயில் முகத்தில் அடித்ததும் வேர்வையோடு கூட்டுச் சேர்ந்து, சட்டையை நனைத்து, சீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தன் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தேர்வு அறையில் கண்ணை மூடிக்கொண்டு சட்டையைக் கழற்றினேன். மேகலா மேல்கையைக் கிள்ளினாள். வழுக்கியது. மறுபடி கிள்ளினாள். கருவி வெறும் காற்றைக் கவ்வி 'டப்' என்றது.

"அப்பா, என்னத்தப் பூசுனீங்க?" என்று காதோடு கேட்டாள்.

"தேங்கா எண்ணெய், சாமி."

"எங்கெல்லாம்?"

"ஒரு எடம் விடல."

தேர்வாளர் அம்மா வந்து தானே முயன்றார். அவர் கையிலும் நான் அகப்படவில்லை. துண்டால் துடைத்தார்கள், துண்டு நனைந்ததுதான் மிச்சம். அளவு இல்லாமல் மதிப்பெண் போட முடியாது, வேறு ஆளைக் கூட்டிவா, இல்லையென்றால் அடுத்த வருடம் வா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாணவியிடம் நகர்ந்தார். மேகலா அழவில்லை. கருவியைப் பெட்டிக்குள் வைத்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"மேடம், கொஞ்ச நேரம் குடுங்க. கழுவிட்டு வாரேனுங்க" என்றேன். (தெரியாத பெண்மணியிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.)

சட்டையைத் தேட நேரமில்லை. அப்படியே வெளியே நடந்தேன். வராந்தாவில் கூட்டம், மைதானத்தில் கூட்டம். வெயிலில் நான் பித்தளைக் குடம்போல் மின்னியிருக்க வேண்டும். பந்து விளையாடியவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கேன்டீன் குழாயடியில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சோப்புக் கேட்டேன். விஷயத்தைக் கேட்டவர் சோப்பைத் தரவில்லை.

"திரும்புங்கண்ணா. சாம்பார் அண்டாப் பிசுக்கே போவுது, இது போவாதா?"

தேங்காய் நாரால் தேய்த்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, முன்பக்கத்தை அதே நாரால் தேய்த்தேன். துடைத்து, நன்றாகக் காய்ந்து, மிளகாய்ப் பழ நிறத்தில் திரும்பிவந்து, தேர்வாளர் முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நின்றேன். இந்தமுறை கண்ணை மூடவில்லை.

மேகலா அளந்தாள். தேர்வாளர் அளந்தார். தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் அளந்ததும் ஒண்ணுதான், இருபத்தொன்பது சதவீதம்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். தன் கொழுப்பைப் பற்றிக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் வேறு யாரும் இருக்க மாட்டான்.

மேகலா இப்போது சேலத்தில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், "இன்னிக்கு எந்தக் காலேஜுங்க?" என்று மனைவி கேட்பாள். மேகலா அளவெடுக்கும் அறையின் கதவில், 'எண்ணெய் பூசி வருபவர்களுக்கு அளவு எடுக்கப்படாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. ஒருமுறை நான் போயிருந்தபோது அதைப் படித்த ஒருவர், "எவனாச்சும் அப்படி வருவானாங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.