மிக்சரில் வந்த மூன்றாவது குரல்

இனிமேல் எதற்கும் ஷர்பரியிடம் யோசனை கேட்பதில்லை.

வங்காள வருஷப் பிறப்பன்று குளித்து, புதுப் பைஜாமா போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நான் எடுத்த தீர்மானம் இது. கண்ணாடியில் இருந்தவர் கொஞ்சம் தயங்கினார். நான் தயங்கவில்லை.

ஷர்பரி என் மனைவி. நான் நீலாத்ரி சமாத்தார். கொல்கத்தாவில் கரியா பக்கம் தரைத்தள ஃபிளாட் ஒன்றில் குடியிருக்கிறேன். முன்பு இங்கே குளம் இருந்ததாம். மண்ணைக் கொட்டி மூடி, மேலே கட்டடம் எழுப்பிவிட்டார்கள். சுவர் எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை.

பேய்க் கதை சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்குவது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் மீன் இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டுவார்கள், பேய்க் கதை இல்லாமல் ஓட்ட மாட்டார்கள். கதை சொல்ல நான். நடுவில் “அப்புறம்?” என்று கேட்க என் ஆபீஸ் நண்பன் பல்ட்டு. மைக் இரண்டும் வந்தாயிற்று. மைக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற பெட்டிதான் பாக்கி. அதில் இரண்டு ஜாதி. இன்டர்ஃபேஸ் ஒன்று, மிக்சர் ஒன்று.

“நீங்க ரெண்டு பேர், ரெண்டு மைக். ரெண்டு துளை வெச்ச அந்தச் சின்னப் பெட்டி போதும்,” என்றாள் ஷர்பரி. நான் யோசனை கேட்கவேயில்லை. “அவரவர் குரல் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போயிடும்.”

“மிக்சர்தான் வாங்கப் போறேன்.”

“வீட்டுல மிக்சி ரிப்பேர். கடுகு அரைக்க வழியில்ல. நீங்க மிக்சர் வாங்குங்க.”

“அதுல எத்தனை குமிழ் இருக்கு தெரியுமா? ஏத்தலாம், இறக்கலாம், திருகலாம். கம்பி இல்லாமலே போன்கூட அதோட சேரும்.”

“சேந்து? எல்லாக் குரலும் ஒண்ணாக் கலந்து கிச்சடி மாதிரி வெளியில வரும். அப்புறம் அதுல பருப்பை மட்டும் எப்படிப் பொறுக்குவீங்க?”

“கதை எனக்கு. பருப்பு உனக்கு.”

“கதையை நான் சொல்லிப் பாக்கட்டுமா?”

“உன் குரல் மீன்காரனை மிரட்டத்தான் லாயக்கு. பேய்க்குக் கனமான குரல் வேணும்.”

அவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாந்தினி மார்க்கெட்டில் மிக்சர் வாங்கினேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சாப்பாட்டு மேஜை முழுக்க அது படுத்துக்கொண்டது. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம்.

முதல் பதிவு சனிக்கிழமை மத்தியானம். ஜன்னல்களைச் சாத்தினோம். ஆளுக்கொரு ஹெட்ஃபோன். ஜமீன்தார் வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து செத்த கதையை எடுத்தேன். குமிழ்கள் அத்தனையையும் ஏற்றி வைத்தேன். இருக்கிறதை ஏற்றாமல் விட்டால் என்ன மரியாதை?

“அந்த அமாவாசையில், கிணற்றுச் சுவரில் அவள் ஏறி...” என்று ஆரம்பித்தேன்.

காதுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பல்ட்டு என்னைப் பார்த்தான். நான் பல்ட்டுவைப் பார்த்தேன்.

“நீயா?”

“நீங்கன்னு நெனைச்சேன், நீலு அண்ணா.”

மறுபடி ஆரம்பித்தேன். ‘கிணறு’ என்ற சொல் வாயை விட்டு இறங்கியதும் ஒரு பெண் குரல், மிகவும் நிதானமாக, இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள்ளேயே சொன்னது:

“கிணறு இல்ல. குளம்.”

அந்தக் குரலுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று ஒரு சீறல். எரிகிற எதன்மேலோ தண்ணீர் விழுந்த மாதிரி. நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை. திரும்ப மாட்டினேன். உள்ளே யாரோ இருந்துகொண்டு பேசாமல் இருப்பது போல இருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். ஷர்பரி மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, முகம் வெளுத்துப் போச்சு?”

“நீ எதாவது பேசினியா?”

“கதவைச் சாத்திட்டுப் பேசறது நீங்க. நான் மீனோட பேசிட்டிருக்கேன்.”

பதிவைப் போட்டுக் கேட்டோம். குரல் இருந்தது. என் குரலும் பல்ட்டுவின் குரலும் அதுவும் ஒன்றாகக் கலந்திருந்தன. எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. யார் வாய்க்கும் அது சொந்தமாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை. ஷர்பரி பஸ் ஏறி, கரியாஹாட் கடைத்தெருவில் துணி எடுக்கப் போயிருந்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கால்பைசாகி, எங்கள் ஊர்க் கோடைப் புயல். காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. கதையைக் கொஞ்சம் மாற்றியிருந்தேன். கிணற்றை எடுத்துவிட்டேன். வம்பு எதற்கு?

“அவளைக் கடைசியாக அந்தக் குளக்கரையில்தான் பார்த்தார்கள்,” என்றேன்.

“அப்புறம்?” என்றான் பல்ட்டு.

எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. அந்த இடைவெளியில் அவள் பேசினாள்.

“மூடிட்டாங்க. நான் கீழதான் இருக்கேன்.”

இந்தத் தடவை சீறல் இல்லை. பின்னால் ஒன்றுமே இல்லை. நிறைய மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற குரலுக்கு என்ன பின்னணி இருக்கும்?

பல்ட்டு குனிந்து தன் காலுக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தான். பிறகு எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான். இப்போது அவன் பிரியாணிக் கடைகளைப் பற்றிப் பாட்காஸ்ட் செய்கிறான். பேய்கள் வராத துறை.

ஷர்பரி நனைந்து வந்தபோது நான் கட்டில்மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். எது என்ன பேசியது என்று அவள் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

“நான் அப்பவே சொன்னேன். அதுல எத்தனையோ வாசல். எவ வேணா நுழையலாம். ரெண்டு துளைப் பெட்டின்னா ரெண்டு பேர்தான். மூணாவது ஆளுக்கு ஏது இடம்?”

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டு மிக்சரை மாற்றிக்கொண்டு வந்தேன். இன்டர்ஃபேஸ் உள்ளங்கை அகலம். மேஜை திரும்பக் கிடைத்தது. முதல் துளையில் என் மைக். இரண்டாவது துளை சும்மா இருந்தது.

“சும்மா கெடக்குதே,” என்று சொல்லி ஷர்பரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் ‘அப்புறம்?’ கேட்பாள் என்று நினைத்தேன். கதை சொன்னாள். குரலை உயர்த்தவேயில்லை. மீன்காரனிடம் ‘இது நேத்து மீனா?’ என்று கேட்பாளே, அதே நிதானம். அந்தக் குளத்தில் தாமரைக் கொடி காலைச் சுற்றுவதை அவள் சொன்னபோது நான் என் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். “அப்புறம்?” என்று கேட்டது நான்தான்.

மூன்றாவது குரல் வரவில்லை. கதையை வெளியிட்டோம். ஊர் கேட்டது.

அந்த வாரக் கடைசியில், கடுகுக் குழம்பில் இலிஷ் மீனை முள் பிரித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

“நான்தான்.”

“எது நீதான்?”

“பெருமூச்சு. ‘கிணறு இல்ல, குளம்.’ என் போன்ல குரலை அடக்கி முன்னாடியே பேசி வெச்சிருந்தேன். உங்க மிக்சர்தான் போனோட தானாச் சேந்துக்குதே. நீங்க குளியலறையில கதையை ஒத்திகை பாத்தீங்க, தெருவுக்கே கேட்டுச்சு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பட்டனை அமுக்கினேன்.”

“அந்தச் சீறல்?”

“குக்கர்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். நிம்மதி வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன். “பல்ட்டுவை மழையில ஓட வெச்சியே. ‘மூடிட்டாங்க, நான் கீழதான் இருக்கேன்’. அது பிரமாதம் ஷர்பரி.”

அவள் கை முள்ளிலேயே நின்றது.

“அது யாரு சொன்னது?”

“நீதான்.”

“அன்னிக்கு நான் கரியாஹாட்ல இருந்தேன். போன் என் பைக்குள்ள இருந்துச்சு. அது அடுத்த அறை வரைக்கும்தான் எட்டும்.”

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பழைய பதிவைப் போட்டோம். ஆளுக்கொரு ஹெட்ஃபோன். மழை. பல்ட்டுவின் “அப்புறம்?”. என் மௌனம். பிறகு அது.

ஷர்பரி ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றினாள். இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டாள். நானும் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதில்லை.

அவள் நடிக்கிறாளோ என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் நடிக்கிறவள் தட்டில் கிடந்த குழம்பு மீனைத் தெருப் பூனை தின்ன விட்டிருக்க மாட்டாள்.

பயத்தை வீணாக்குகிற ஜாதி இல்லை அவள். ‘மூடிய குளம்’ என்று அடுத்த கதையைச் செய்தாள். அதற்கு மழைச் சத்தம் வேண்டுமென்று என் மைக்கை எடுத்து ஜன்னலில் கட்டினாள். இரண்டு துளைப் பெட்டியில் ஒன்று அவளுக்கு, ஒன்று மழைக்கு. எனக்கு இல்லை. இன்னொரு அறையில் போய்த் தனியாக உட்காரவும் எனக்குத் தைரியம் இல்லை. அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நேயர் எழுதியிருந்தார்: “ஷர்பரி தீதி, நீங்க கதை சொல்றப்ப பக்கத்துல ஒரு ஆம்பளை பயந்து பயந்து மூச்சு விடறது கேக்குது. அது என்ன ஆவி?”

ஷர்பரி கீழே பதில் போட்டிருந்தாள்: “பயப்படாதீங்க. அது ஒண்ணும் செய்யாது.”