யானை வீட்டு வளைகாப்பும் நிரம்பி வழிந்த டிஸ்க்கும்

ஒரு காட்டில் தவசி என்றொரு தேவாங்கு கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்து வந்தது. கண்ணைத் தவிர உடம்பில் வேறெதுவும் இல்லாத ஜென்மம். இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான பிராணி கிடையாது. சோம்பலிலும் அதற்கு ஈடு கிடையாது.

வேலாயி யானை தன் மகள் கல்யாணத்தை அதனிடம்தான் ஒப்படைத்திருந்தது. "வளைகாப்புக்குள்ள குடுத்துடறேம்மா" என்று தவசி வாக்குக் கொடுத்தது. யானை பிள்ளை சுமப்பது ஏறக்குறைய இரண்டு வருஷம் என்கிற தைரியம். அதுவும் ஒருநாள் தீர்ந்துதானே ஆக வேண்டும்? வளைகாப்பு அன்று காலையில் வேலாயி வந்து, தவசி குடியிருந்த மரத்தைத் தும்பிக்கையால் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தது.

"தம்பி, சாயங்காலம் சொந்தபந்தம் பூரா வருது. படம் ஓடலேன்னா இந்த மரம் இங்க இருக்காது. நீ இருப்பியான்னு என்னால சொல்ல முடியாது."

தவசி ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. நல்லவேளை, எடிட்டிங் முடிந்திருந்தது. வெட்டி ஒட்டியதை ஒரே முழுப் படமாக எடுப்பதற்குப் பொத்தானை அமுக்கியது. 'டிஸ்க்கில் இடம் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

எப்படி இருக்கும்? 'கடைசி' என்று ஒரு கோப்பு, 'கடைசிக்கும் கடைசி' என்று இன்னொன்று, 'சத்தியமாகக் கடைசி', 'சித்தப்பா சொன்ன திருத்தத்தோடு கடைசி'. எப்போதோ பிரிந்துபோன மான் ஜோடியின் கல்யாணம்கூட அப்படியே இருந்தது. திரும்பச் சேர்ந்துவிட்டால் கேட்பார்களே என்று தவசி அதைத் தொடவேயில்லை.

பக்கத்துப் புற்றில் குடியிருந்த சுடலை என்னும் கீரி, கூப்பிடாமலே ஆலோசனை சொல்ல ஓடி வந்தது.

"மச்சான், இந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கே, வேகமா ஓட்டிப் பாக்கறதுக்காகத் அசல் ஒவ்வொண்ணுக்கும் தானே மங்கலா ஒரு பிரதி எழுதி வச்சுக்கும். எல்லாம் குப்பை. அதைத் தூக்கிட்டா வேணுங்கற இடம் கிடைச்சுடும்."

சரியான யோசனைதான். ஆனால் தவசிக்குக் கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, அழிப்பதற்கு முன்னால் அந்தக் குப்பைக்கு ஒரு நகல் எடுக்கப் பார்த்தது. அதே டிஸ்க்கில். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இடமும் போனது.

"தள்ளு அந்தப் பக்கம்! நீ அழிக்கறதுக்குள்ள பிரசவமே ஆயிடும்!" என்று சுடலை நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது. எது ரொம்ப இடத்தை அடைக்கிறது என்று தேடியது. கண்ணில் பட்ட பெரிய கோப்புறையை அழித்தது. குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, "பாத்தியா, எம்புட்டு இடம்!" என்று மீசையை நீவியது.

இடம் இருந்தது. கல்யாணம்தான் இல்லை. அழிந்தது, கேமராவில் எடுத்த அசல் முழுவதும்.

"போச்சே பாவி, என் குடியைக் கெடுத்தியே!" என்று தவசி வாய்விட்டு அழுதது. சுடலைக்குத் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்து புற்றுக்குள் போய்விட்டது. அழுது முடித்துவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருந்தது அந்த மங்கலான குப்பை ஒன்றுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று, அதையே முழுப் படமாக்கி எடுத்துக்கொண்டு போனது.

சாயங்காலம், தும்பிக்கை நிறைய வளையலோடு மகள் உட்கார்ந்திருக்க, படம் ஓடியது. பனிமூட்டத்தில் பாறைகள் நகர்ந்துபோவதுபோல் இருந்தது. தவசி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"அடியே, இது நானா?" என்று பெரியத்தை யானை பிளிறியது. "கழுத்துல ஒரு சுருக்கம் இல்லையேடி!"

அவ்வளவுதான், அத்தனை யானைகளும் திரைக்கு முன்னால் முண்டியடித்தன. கண்ணோரம் சுருக்கம் இல்லை, காதில் கிழிசல் இல்லை. பல்லுப்போன கிழட்டு யானைகூட, நேற்றுப் பெயின்ட் அடித்த சுவராட்டம் வழவழவென்று தெரிந்தது. மாப்பிள்ளை மட்டும், "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டது.

"சும்மா இருங்க மாப்பிள்ளை. எங்கயோ லட்சணமாத்தான் இருக்கீங்க," என்றது வேலாயி.

அதற்குப் பிறகு தவசிக்குக் கை ஓயவில்லை. முதலை வீட்டு அறுபதாம் கல்யாணம், உடும்பு வீட்டு நிச்சயதார்த்தம், தேரை வீட்டுச் சடங்கு என்று வரிசையில் நின்று கூப்பிட்டார்கள். அசலைப் பொத்திப் பொத்தி வைத்து, மரு முதற்கொண்டு பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்த எதிர்க்கடை மரங்கொத்தி, ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டுப் பழையபடி மரம் கொத்தப் போனது.

நீதி: அழிப்பதென்று ஆகிவிட்டால் அசலை அழி. குப்பையைப் பத்திரமாக வை. சொந்தக்காரர்கள் அதில்தான் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.