சோளத்தட்டுக் குழுவின் முதல் கேசட்

தமிழிசை வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் 1996-க்கு முன், 1996-க்குப் பின் என்று அதை இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும். அந்த ஆண்டுதான் 'சோளத்தட்டு' நாட்டுப்புற இசைக்குழுவின் முதல் கேசட் எங்கள் 'கோவை மண்ணிசை வளர்ச்சிக் குழு'வின் மேற்பார்வையில் வெளிவந்தது. வளர்ச்சிக் குழுவின் செயலாளர் மருதாசலமாகிய நான் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்கிறேன்.

சோளத்தட்டில் மூன்று பேர். கிடாருக்கு அருள்குமார், டோலக்குக்கு சாஜித், இருவரும் கல்லூரி மாணவர்கள். பாட்டைக் கட்டிப் பாடுகிறவள் மதுக்கரைப் பெண் லோகப்பிரியா. போத்தனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. சினிமாக்காரர்கள் தயவில்லாமல் 'சுதந்திர இசை' செய்யப்போகிறோம் என்று வந்து நின்றார்கள். சுதந்திரத்தை அப்படிக் கேட்பாரற்று விடக்கூடாது என்பதால்தான் நாங்கள் குழு அமைத்தோம்.

முதல் கூட்டத்தில் லோகப்பிரியா எழுந்தாள்.

"ஆறு பாட்டு இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் எட்டு, ஒம்பது நிமிசம். அறுவது நிமிசக் கேசட்டுக்குச் சரியா இருக்குமுங்க."

"உனக்கு என்ன வேணும் அம்மணி? பேரா, புகழா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. தெனமும் பாடிக்கிட்டேதானுங்க வேலை செய்யறேன். மிசின் சத்தத்துல பக்கத்துல நிக்கறவளுக்குக்கூடக் கேக்காது. மில்லுக்கு எதுத்தாப்புல பேக்கரில ஒருக்கா ஓடுச்சுன்னா, ஷிப்டு முடிஞ்சு வாற எல்லாருக்கும் கேக்குமுங்க."

இந்த எளிய ஆசை குழுவை உலுக்கிவிட்டது. உடனடியாக, கேசட்டில் எங்கள் புரவலரும் பம்ப் செட் கம்பெனி அதிபருமான தம்பிதுரை அவர்களின் தலைமையுரையைச் சேர்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

"பேச்சை வெளியீட்டு விழால வெச்சுக்கலாமுங்களே?" என்றாள் லோகப்பிரியா.

"விழாவுக்கு வராதவங்க கேக்க வேண்டாமா கண்ணு?"

தம்பிதுரை பதினான்கு நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை. "ஏனுங்க மருதாசலம், நான் மட்டும் பேசிப்போட்டா சம்பந்தி என்னங்க நெனப்பாரு?" என்றார். சம்பந்தி எதையும் நினைத்துவிடாமல் இருக்க, அவர் ஒன்பது நிமிடம் வாழ்த்தினார். மச்சினர் நினைத்துவிடாமல் இருக்க, அவர் எட்டு நிமிடம். பிறகு எங்கள் குழுவின் முன்னாள் தலைவர் ஏழு நிமிடம், தலைவராக வாய்ப்பிருந்தவர் ஏழு நிமிடம். வரவேற்புரையை மூன்றே நிமிடத்தில் முடித்தோம், ஏனென்றால் முக்கியமானவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பாட்டு 'நாகரிகம் கருதி' விலகிக்கொண்டது. கடைசியில் ஒரு பாட்டும், என்னுடைய பதினொரு நிமிட நன்றியுரையும் மிஞ்சின.

ஒலிப்பதிவாளர் கலீல் ரஹ்மான் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அறுவத்தேழு நிமிசம் வருதுங்க. டேப்பு அறுவதுதான். நன்றியைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றியில் கைவைப்பதா? பாட்டில் ஏழு நிமிடத்தை வெட்டச் சொன்னேன். லோகப்பிரியாவுக்கு ஒரு நிமிடம் முழுதாகக் கிடைத்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அப்ப இதுலயும் யாருக்கும் கேக்காதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். சண்டைக்கு வராத அவளது பணிவைப் பாராட்டிக் குழு தனித் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆயிரம் கேசட் போட்டோம். கேட்ட அத்தனை பேரும் "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். வாங்கியவர்கள் பேசியவர்களும் அவர்கள் வீட்டாரும். மற்றவை வரலாற்றுக்காகத் தம்பிதுரையின் குடோனில் பாதுகாக்கப்பட்டன.

மூன்று மாதம் கழித்து லோகப்பிரியா வந்தாள்.

"ரெண்டு பொட்டி கேசட்டு எடுத்துக்கட்டுங்களா?"

எங்கள் உரைகளை உழைக்கும் மக்களிடம் கொண்டுசேர்க்க அவள் காட்டிய ஆர்வத்தில் நெகிழ்ந்துபோனேன். "நாலாவே எடுத்துக்க கண்ணு" என்றேன்.

போன வாரம் அந்தப் பணியை நேரில் பார்வையிட, மில்லுக்கு எதிரே மைதீன் பிச்சையின் பேக்கரிக்குப் போனேன். மூன்றரை மணி ஷிப்டு விட்டிருந்தது. முப்பது பெண்கள் டீ கிளாசோடு அசையாமல் நின்றார்கள். பாடிக்கொண்டிருந்தது லோகப்பிரியாவின் குரல். ஒரு நிமிடத்தில் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை.

மேசைமேல் அடுக்கியிருந்ததில் ஒரு கேசட்டை எடுத்தேன். உறையில் தம்பிதுரை புன்னகைத்தார். ஆனால் உள்ளே, யாரும் அழித்துப் பதியக் கூடாதென்று கேசட்டின் முதுகில் விட்டிருந்த இரண்டு ஓட்டைகளிலும், மறுபடி பதிவதற்கு வசதியாக, செல்லோடேப் ஒட்டியிருந்தது! கலீல் ரஹ்மான் முதலிலேயே பதிந்து பத்திரமாக வைத்திருந்த ஆறு பாட்டையும் எங்கள் உரைகளின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். தலைமை போயிற்று. சம்பந்தி, மச்சினர் எல்லாரும் போனார்கள். இது பண்பாட்டுப் படுகொலை அல்லாமல் வேறென்ன?

கூட்டத்தில் ஒருத்தி லோகப்பிரியாவின் கையைப் பிடித்தாள். "உம்பட கொரலா புள்ள இது? இத்தன வருசமா பக்கத்து மிசின்லயே நின்னனே!"

லோகப்பிரியா அழுதுகொண்டிருந்தாள்.

ஆறாவது பாட்டு முடிந்தது. டேப்பின் கடைசியில் அழிபடாமல் மிஞ்சியிருந்த துண்டில், கணீரென்று என் குரல் எழுந்தது: "...இத்துடன் என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்."

பேக்கரியே கைதட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"தெனமும் இந்த எடத்துல கை தட்டுறாங்களுங்க" என்றார் மைதீன் பிச்சை, என்னை யாரென்று தெரியாமல் டீயை நீட்டியபடி. "ஆரோ செயலாளராமுங்க. முடிச்சுக்கறேன்னு இப்பச் சொல்றாரு பாருங்க, அத அந்த மனுசன் மொதல்லயே சொல்லியிருந்தா இந்தப் புள்ள எப்பவோ பாடியிருக்குமுங்க."