நரித்தலைக் கடவுளின் தராசு

மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு மாடிக்கூடம். அதற்கு ஏறும் படிக்கட்டு முழுக்க வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் செத்துப்போன ஒருவருடைய துணி. சட்டை, போர்வை, தலையணை உறை. ஒரு வழக்கறிஞர் தன் அப்பாவின் ஒற்றைக் காலுறையோடு நின்றார். இன்னொன்று எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளே இருந்தவரைத் தராசுக்காரர் என்பார்கள். பழைய எகிப்தின் நரித்தலைக் கடவுளுக்கு இந்த ஊரில் இவர்தான் ஏஜென்ட். செத்தவரின் இதயத்தை அந்தக் கடவுள் ஓர் இறகோடு நிறுத்துப் பார்ப்பார். லேசாக இருந்தால் கரை சேரலாம். கனமாக இருந்தால் முதலை முகத்தோடு ஒரு மிருகம் காத்திருக்கும். விழுங்கிவிடும்.

சுவரில் வேறு தெய்வங்களும் தொங்கினார்கள். சுத்தியல் ஏந்திய இடிக்கடவுள். சிங்கத்தோல் போர்த்திய கிரேக்க வீரன். இவர்களுக்கு நரித்தலையோடு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. கூட்டணி என்று நினைத்திருப்பார்கள்.

மேசைமேல் பித்தளைத் தராசு. ஒரு தட்டில் பித்தளை இறகு, மறு தட்டில் களிமண் இதயம். சும்மா இருந்தால் சமமாக நிற்கும். பக்கத்தில் பொட்டலத்தை வைத்துத் தராசுக்காரர் கண்ணை மூடினால், இதயத்தட்டு மெல்ல இறங்கும். இதுவரை லேசான இதயம் ஒன்றுகூட அகப்படவில்லை. இந்த ஊரில் நல்லவர்கள் சாவதே இல்லை போலிருக்கிறது.

ஒரே ஒரு விதி. பொட்டலத்தை அவர் பிரிக்க மாட்டார். "உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத் தெரியும். எனக்கெதுக்கு?" என்பார். அவர் பெயர் பரவியதே அந்த வார்த்தையால்தான்.

என் மனைவி இறந்து ஆறு மாதம். அவளுடைய கம்பளிச் சட்டையோடு மாமியார் அங்கே போய்வந்தார்.

"இறங்கிடுச்சு மாப்பிள்ளை. தட்டு மேசையையே தொட்டுடுச்சு."

"ஏனாம்?"

"வீட்ல யாரோ அழாம இருக்காங்களாம். அந்தக் கண்ணீரெல்லாம் அவ நெஞ்சுலதான் போய்த் தேங்குதாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது நாங்கள் இருவர். அதில் ஒருவர் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"பரிகாரம்?"

"அவளோட காதுத் தோட்டைக் கேக்கறார். கடவுளுக்குக் காணிக்கையாம்."

"நரிக்குக் காது பெருசுதான் அத்தை. ஆனா குத்தியிருக்கான்னு கேட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. அந்த மிருகம் என் பொண்ண முழுங்கிடும்னு நான் பதறிக்கிட்டு இருக்கேன்."

தட்டில் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். மறுநாளும் அதே கதை.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். அதற்குப் பொருத்தமாக ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் இருக்கிறேன். தராசுக்காரரின் கறுப்பு அங்கி எங்களிடம்தான் வரும், அவருடைய வேலைக்காரப் பையன் கையில். அந்த வாரம் அதை விரித்தபோது, துணிக்குச் சீட்டுக் குத்துகிற ஊசிகள் தட்டிலிருந்து எழுந்து ஓடின. அங்கியின் முழங்கால் பக்கம் போய் அப்பிக்கொண்டன.

"என்னப்பா இது, துணி ஊசி திங்குது?" என்றார் கடை முதலாளியம்மா.

உள்பக்கம் ஒரு பை தைத்திருந்தது. பையில் கனத்த வட்டக் காந்தம். எடுக்க மறந்திருக்கிறார். அங்கியை வெளுத்து, காந்தத்தை இருந்த இடத்திலேயே வைத்து அனுப்பினேன். கூட வந்த பனியனை மட்டும் அனுப்பவில்லை.

அடுத்த முறை மாமியாரோடு நானும் போனேன். அவர் ஒரு கையில் கம்பளிச் சட்டை, மறு கையில் இறுக்கி மூடிய தோடு. என் கையில் என் பொட்டலம்.

"உடம்போட ஒட்டிக் கிடந்த துணிதானே?" என்றார் தராசுக்காரர்.

"ஆமாங்க."

"போய் எவ்வளவு நாளாச்சு?"

"அத்தை ஆறு மாசம்னு சொல்லியிருப்பாங்களே."

கண்ணை மூடினார். மேசை விரிப்பு லேசாக அசைந்தது. இதயத்தட்டு இறங்கியது.

"அடேயப்பா, என்ன கனம்! வாயத் திறந்தா பொய். நம்பினவங்களையெல்லாம் ஏமாத்தின ஜென்மம். மிருகம் பக்கத்துலயே வந்துடுச்சு."

"என் பொண்ணா?" என்றார் மாமியார். குரல் மாறியிருந்தது.

நான் பொட்டலத்தைப் பிரித்துப் பனியனைத் தூக்கிக் காட்டினேன். அக்குளில் கிழிசல். கழுத்தில் சலவைக் குறி.

"இது போன வாரம் நீங்க வெளுக்கப் போட்டது. நீங்க செத்து ஆறு மாசம் ஆச்சாம். ஆழ்ந்த அனுதாபங்கள்."

யாரோ சிரித்தார்கள். உடனே வழக்கறிஞர் குறுக்கே வந்தார். "கடவுள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"ஆமா, ஆமா," என்றது வரிசை. தராசுக்காரரும் தலையாட்டினார். தன் சாவுக்குத் தானே சம்மதித்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மாமியார் அசையவில்லை. "ஐயா, என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அது எனக்குத் தெரியும். மேசை விரிப்பு அசைஞ்சதையும் பாத்தேன். எழுந்து சுவத்தோரமா நில்லுங்க. அங்கிருந்தே நிறுங்க."

"கடவுள் களைச்சுட்டாரும்மா. அடுத்த வாரம்."

மாமியார் மேசையைப் பிடித்து இழுத்தார். தராசுக்காரரின் முழங்கால் வெளியே வந்தது. இதயத்தட்டு துள்ளி மேலே ஏறியது. கடையிலிருந்து எடுத்துவந்த ஊசிகளைத் தராசுக்காரர் மடியில் கொட்டினேன். எழுந்து ஓடும்போது அவருடைய முழங்கால் முள்ளம்பன்றிபோல் இருந்தது. களிமண் இதயத்தை வழக்கறிஞரே உடைத்தார். உள்ளே இரும்புத் துண்டு.

அவர் உடைப்பதற்கு முன்பே மாமியார் கம்பளிச் சட்டையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார்.

"சமமா நிக்குது மாப்பிள்ளை."

"சும்மா இருந்தா சமமாத்தான் நிக்கும் அத்தை."

"தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் திறந்தார். தோடு அழுந்திய தடம் சிவந்திருந்தது. "அழறவங்க அழட்டும், அழாதவங்க சும்மா இருக்கட்டும். வாங்க, பசிக்குது," என்றார்.

அடுத்த தெருவில் இடிக்கடவுளின் சுத்தியலோடு வேறொருவர் கடை விரித்திருக்கிறாராம். வழக்கறிஞர் போயிருக்கிறார். இரண்டாவது காலுறையும் கிடைத்துவிட்டதாம்.

அந்தப் பழைய எகிப்தியர் தராசுக் கதை சொன்னது, உயிரோடு இருக்கும்போதே பொய் பேசாமல் இரு என்பதற்காக. நல்ல கதை. அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே விட்டுவைப்பார்கள். மூளையை மட்டும் மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து வீசிவிடுவார்கள். ஆனால் அதற்கு முன் ஆள் செத்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்வார்கள்.

நாம் அந்த அளவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை.