பேட்டரி மேல் பழி போடாத பல்பு பாய்

உலகத்தில் பேட்டரிகளுக்காகப் பரிந்து பேசிய ஒரே மனிதர் எங்கள் பல்பு பாய்தான். உச்சிப்புளி மெயின் ரோட்டில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே அவருடைய எலெக்ட்ரிக்கல் கடை. "பேட்டரி போச்சு பாய், வேற குடுங்க" என்று அங்கே போய்ச் சொன்னவர்கள் யாரும் மரியாதையோடு வீடு திரும்பியதில்லை.

"போச்சுன்னு சொல்ல நீ யாருலே? அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கு. அதை உறிஞ்சுறது யாருன்னு பார்த்தியா?"

கையில் ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். அவருடைய ஆஸ்பத்திரியே அவ்வளவுதான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் இந்தப் பல்பைக் கோர்ப்பார். வண்டியில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பல்பு எரிந்தால், எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, அந்த லைனில் திருடன் இருக்கிறான். துபாயிலிருந்து வந்த மகன் டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கித் தந்தான். அது பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. "நம்பரு பொய் சொல்லும். பல்பு சொல்லாது" என்பார்.

ஒருமுறை கமுதியிலிருந்து மிளகாய் மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர், ஒரே வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றிய சோகத்தோடு வந்தார். பாய் பல்பை மாட்டினார், எரிந்தது. ஃபியூஸைப் பிடுங்கினார், அணைந்தது. பார்த்தால், டேஷ்போர்டில் முருகன் படத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சீரியல் பல்பு.

"ராத்திரியில இதை அணைக்க மாட்டீகளா?"

"சாமி வெளக்கைப் போயி எப்படி பாய் அணைக்கிறது?"

பாய் ஏணியை எடுத்து வந்தார். லாரியின் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடும், அதற்கு ஒரு குட்டி பேட்டரியும் மாட்டி, "சாமிக்குத் தனி லைன் குடுத்திருக்கேன். இனிமே அவரு உங்களை நம்பி இல்லை, நீங்கதான் அவரை நம்பி இருக்கீக" என்று அனுப்பி வைத்தார். இத்தனைக்கும் பாயின் சொந்த மொபெட் ஒரு நாளும் ஸ்டார்ட் ஆனதில்லை. தினமும் கடைக்குத் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

இப்படிப்பட்டவரிடம் நானும் போய் நின்றேன். ரிட்டையர் ஆன கையோடு, பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கியிருந்தேன். ஊர் ஊராக அதில் போக வேண்டும் என்பது என் இருபது வருஷத்து ஆசை. வண்டிக்கு வேறு ஆசை இருந்தது. சமீபத்தில் தனுஷ்கோடியில் ஒருமுறை நின்றது. நயினார்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோயிலுக்கு வந்தவர்கள் சேர்ந்து தள்ளினார்கள்.

என் மனைவி செல்வி கடைசியாக ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை பெங்களூரு போகணும். நம்ம மகளுக்கு இது ஏழாம் மாசம். இன்னொருக்க இது நின்னுச்சுன்னா, நான் பாட்டுக்கு ரயில்ல போயிருவேன். வண்டியைப் பாம்பன்ல மீன் ஏத்துறவுகளுக்குக் குடுத்துருங்க."

 அந்த வண்டிக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே கருவாடு ஏறக்கூடாது. தட்டில் வந்தால் நானும் இரண்டு கை பார்ப்பேன். ஆனால் தலையணை வரைக்கும் அந்த வாசம் வரக்கூடாது. அப்படிக் காப்பாற்றிய வண்டியில் மீன் ஏற்றுவதா?

புதன்கிழமை காலையில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, இருவரும் பாய் கடைக்குப் போனோம். பாய் முதலில் வண்டியைத் தொடவில்லை. என்னைத்தான் விசாரித்தார்.

"வீட்ல சண்டை உண்டா சார்?"

"அதுக்கும் பேட்டரிக்கும் என்ன பாய்?"

"கோவிச்சுக்கிட்டு வண்டிக்குள்ள போயி உக்காந்து பாட்டுக் கேக்குறவுக நெறைய பேரு இருக்காக."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பஞ்சர் கடையைப் பார்த்தேன்.

பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, பல்பைக் கோர்த்தார். சுள்ளென்ற வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. பாய் தயங்காமல் ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என்ஜினுக்குள் குனிந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எரியுது சார். திருடன் இருக்கான். ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "எரியுது." ஐந்தாவதைப் பிடுங்கினேன். "அணைஞ்சுருச்சு. அது எந்த லைனு?"

"உள்ள அலமாரி லைட்டு பாய்."

கம்பளியை உதறிவிட்டு பாய் வண்டிக்குள் ஏறப் போனார். அதற்குள் செல்வி, "அண்ணே, சாமானெல்லாம் அடைச்சுக் கெடக்கு, நான் எடுத்துத் தாரேன்" என்று பின்னாலேயே ஏறிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பத்து நிமிஷம் கழித்துப் பாய் இறங்கினார். முகம் சரியில்லை.

"என்ன பாய், திருடனைப் பிடிச்சாச்சா?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேட்டரி மேலதான் சார் தப்பு. தண்ணி கம்மியா இருந்திருக்கு. ஊத்தி, சார்ஜ் போட்டுத் தாரேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். முப்பது வருஷத்தில் பாய் வாயிலிருந்து வராத வார்த்தை.

"அஞ்சாவது ஃபியூஸைப் பிடுங்கினதும் பல்பு அணைஞ்சுச்சே?"

"பல்புக்கும் சில சமயம் தப்பு வரும் சார்" என்றார், மெதுவாக. பிறகு பேட்டரியைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன். மனிதருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பெங்களூர் வரை வண்டி எங்கேயும் மக்கர் செய்யவில்லை. மறுநாள் மத்தியானம் மகள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு வாசம் வந்தது. சீலாக் கருவாட்டுக் குழம்பு. ஒரு மாசமாக எதையும் வாயில் வைக்காத மகள், இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏது கருவாடு?"

செல்வி நிதானமாகச் சொன்னாள். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு மாசமாகச் சேர்த்தது. ஏழெட்டு பாலித்தீன் சுற்றி, கட்டிலுக்கு அடியில் இருந்த அலமாரியில் திணித்தது. பொட்டலம் பெரிதாகிப்போனதால் கதவு முழுசாக மூடவில்லை. கதவு மூடினால்தான் அணையும் அந்த லைட், படுக்கை விரிப்புக்குப் பின்னால் இரவும் பகலும் எரிந்திருக்கிறது. என் மூக்குக்கும் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை.

"பாய் பார்த்ததும், 'இது யாருக்கு, தங்கச்சி?'ன்னாரு. 'மாசமா இருக்க மகளுக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஏத்த விடமாட்டாக'ன்னேன். பேசாம அவரே பொட்டலத்தை சீட்டுக்கு அடியில மாத்தி வச்சு, அலமாரியை அழுத்திச் சாத்திட்டுப் போயிட்டாரு."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். மகளின் தட்டைப் பார்த்தேன், வரவில்லை. நானும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு உண்மை தெரியும் என்று பாயிடம் இன்று வரை சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, "பாய், பேட்டரியில தண்ணி இருக்கான்னு பாருங்க" என்பேன். அவரும் மூடிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "சரியான நேரத்துல வந்தீக" என்று நாலு சொட்டு ஊற்றுவார். தண்ணீர் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.